பன்னீர் திராட்சைக்கு மருந்து தேவைப்படாத ரகம் வருமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறீர்கள். மழை பிடித்துக்கொண்டால் மருந்து அடித்து மாளவில்லை. ஐரோப்பாவில் மருந்தே அடிக்காமல் திராட்சை விளைவிப்பதாக ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குச்சியை வரவழைத்து நடலாமா? முடியாதென்றால் நம் பன்னீரையே நோய் தாங்கும்படி மாற்றலாமா? அதுவும் ஆகாதென்றால் பன்னீர் விதையை முளைக்கப் போட்டு, அதில் தேறுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா? ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

அவசரமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு: வெளிநாட்டுக் குச்சி உங்கள் தோட்டத்துக்கு ஏறக்குறைய பயன்படாது. பன்னீர் பன்னீராகவே இருந்துகொண்டு நோயும் தாங்க வேண்டும் என்றால் கலப்பினச் சேர்க்கையால் அது நடக்காது. பன்னீர் வாசம் உள்ள, நோய் தாங்குகிற ஒரு பிள்ளைச் செடியை உருவாக்க முடியும், ஆனால் அது பல வருட வேலை. விதை போடும் யோசனை தோற்கத்தான் செய்யும், ஏன் தோற்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பழப்பயிர்களில் புது ரகம் உருவாக்கும் வேலையில் இருந்தவன், அதில் பெரும்பகுதி திராட்சை. சந்தை விலை, ஏற்றுமதிக் கணக்கு இவற்றில் எனக்கு அனுபவம் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் உங்கள் பன்னீர் ஏன் இப்படி நோய்க்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்ப்போம். நாம் பன்னீர் என்று சொல்வது மஸ்கட் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டுக்குள் உருவான ரகம். ஸ்கியாவா கிரோஸா என்ற கருந்திராட்சையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் அதன் பெற்றோர் என்று டிஎன்ஏ சோதனை உறுதி செய்திருக்கிறது. இரண்டுமே ஐரோப்பிய, மேற்காசிய இனமான விட்டிஸ் வினிஃபெராவைச் சேர்ந்தவை. உலகத்தில் நாம் விரும்பிச் சாப்பிடும் திராட்சையில் பெரும்பாலானவை அந்த இனம்தான். ஆனால் அடிச்சாம்பல் நோய் (இலையின் அடிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும் பூஞ்சை), சாம்பல் நோய், வேரை அரிக்கும் ஃபிலாக்செரா அசுவினி மூன்றுக்கும் பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கிருந்த காட்டுத் திராட்சைகள் இந்தப் பூஞ்சைகளோடு பல்லாயிரம் வருடம் மல்லுக்கட்டி எதிர்ப்பை வளர்த்துக்கொண்டவை. வினிஃபெராவுக்கு அந்தச் சண்டை தெரியவே தெரியாது.

கப்பல் போக்குவரத்து பெருகியதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1845இல் இங்கிலாந்தில் சாம்பல் நோய், 1860களில் பிரான்ஸில் ஃபிலாக்செரா, 1878இல் அடிச்சாம்பல் நோய். ஃபிலாக்செராவுக்கு வழி கிடைத்துவிட்டது: அமெரிக்கத் திராட்சையை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டினார்கள். இலை நோய்க்கு அப்படி வழி இல்லை. போர்தோ அருகே மேதோக் பகுதியில், பாதையோரக் கொடியிலிருந்து பழம் பறிப்பவர்களைப் பயமுறுத்த மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதைக் கவனித்த மில்லார்தே என்ற தாவரவியலாளர், 1885இல் அதை மருந்தாகவே அறிவித்தார். நீங்கள் இன்றும் அடிக்கிற போர்டோ கலவை அதுதான். அது நல்ல மருந்து, ஆனால் தாமிரம் மண்ணை விட்டு எங்கும் போவதில்லை. அதனால்தான் இயற்கை விவசாயத்திலும்கூட ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு எக்டருக்கு 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

மருந்தைத் தேடிய அதே காலத்தில் இன்னொரு கூட்டம் கலப்பில் இறங்கியது. நோய் தாங்கும் அமெரிக்கத் திராட்சையையும் ருசியான ஐரோப்பியத் திராட்சையையும் சேர்த்தால் இரண்டும் உள்ள பிள்ளை கிடைக்காதா என்ற எண்ணம். கிடைத்தது, ஆயிரக்கணக்கில். கூடவே அமெரிக்க வாசமும் வந்தது. லப்ரஸ்கா என்ற இனத்தில் மீத்தைல் ஆந்த்ரானிலேட் என்ற பொருள் இருக்கிறது. திராட்சை மிட்டாய், திராட்சை சோடா இவற்றில் வருமே, அந்தக் கனத்த வாசம். ஐரோப்பியருக்கு அது ஆகவில்லை. 1934இல் பிரான்ஸ் ஆறு அமெரிக்க, கலப்பு ரகங்களுக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. அந்த ஆறில் ஒன்று இசபெல்லா. நம் பெங்களூர் ப்ளூ இசபெல்லாதான் என்கிறார்கள் ரக ஆய்வாளர்கள். பிரான்ஸ் துரத்திய ரகம் பெங்களூரைச் சுற்றிச் சுகமாக வாழ்கிறது, புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. பெங்களூர் ப்ளூ மழையைத் தாங்குவதற்கும் அதன் வாசத்துக்கும் ஒரே பூர்வீகம்தான். ஆனால் எதிர்ப்பும் வாசமும் ஒரே மரபணு இல்லை, பிரிக்க முடியும். அதைப் பிரித்தெடுக்கத்தான் அடுத்த நூறு வருடம் ஆனது.

நீங்கள் வீடியோவில் பார்த்தது அந்த நூறு வருட வேலையின் பலன். கலப்புப் பிள்ளையை மறுபடி ஒரு ஐரோப்பிய ரகத்தோடு, அதன் பிள்ளையை மறுபடி இன்னொரு ஐரோப்பிய ரகத்தோடு என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, நோய் எதிர்ப்பு மரபணுவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு காட்டு வாசத்தைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஜெர்மனியில் கெய்ல்வெய்லர்ஹோஃப் திராட்சை ஆய்வு நிலையத்தில் 1967இல் ரீஜென்ட் என்ற ரகத்துக்கான சேர்க்கை நடந்தது. அது தரமான ஒயினுக்கு அனுமதி பெற்றது 1996இல். ஒரு ரகம், 29 வருடம். பிரான்ஸில் மோன்பெல்லியேயில் அலென் பூக்கே 1974 முதல் இன்னும் கடினமான ஒரு மூலத்தில் வேலை செய்தார். மஸ்கடைன் என்ற ரொட்டண்டிஃபோலியா இனம் அது. வினிஃபெராவுக்கு 38 குரோமோசோம், இதற்கு 40. அதனால் சேர்த்தால் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவை மலடு. அப்படியும் விடாமல் அவர் பிடித்து வைத்த எதிர்ப்பு மரபணுக்கள்தான் 2018இல் பிரான்ஸ் பதிவு செய்த ஆர்த்தபான், ஃப்ளோரியால், விடோக், வோல்டிஸ் என்ற நான்கு ரகங்களில் இருக்கின்றன. பூக்கே அதைப் பார்க்கவில்லை, 2009இலேயே இறந்துவிட்டார்.

இவை மருந்தே வேண்டாத ரகங்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தால் அது மிகை. பத்துப் பன்னிரண்டு முறை அடிக்கிற இடத்தில் இரண்டு மூன்று முறை என்று குறையும், அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்றையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். காரணம், எதிர்ப்பு உடையும். ஹங்கேரியில் உருவான பியாங்கா என்ற ரகம் ஆர்பிவி3 என்ற ஒரே பெரிய எதிர்ப்பு மரபணுவை நம்பி நின்றது. அதைத் தாண்டிப் போகிற அடிச்சாம்பல் பூஞ்சை வகை ஒன்று அதே ரகத்தின் இலையிலிருந்தே கண்டெடுக்கப்பட்டதாக 2010இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே மரபணுவுக்கும் அதே கதிதான். அதனால் இப்போது இரண்டு, முடிந்தால் மூன்று வெவ்வேறு மரபணுக்களை ஒரே கொடியில் ஏற்றுகிறார்கள். இன்னொன்று, மருந்தை நிறுத்தியதும் இதுவரை அந்த மருந்தில் தானாக அடங்கிக் கிடந்த கருப்பழுகல், பறவைக்கண் நோய் போன்றவை தலைதூக்குகின்றன. எதிர்ப்பு ரகம் என்பது எல்லா நோய்க்கும் எதிர்ப்பு என்று அர்த்தமில்லை. விற்பவர்கள் இதை விளக்கிச் சொல்வதில்லை.

சரி, அப்படியே கொண்டுவந்தாலும் கம்பத்தில் ஏன் தேறாது என்கிறேன்? முதல் காரணம் எளிது, அவை ஒயின் திராட்சை. சிறிய கொத்து, சிறிய பழம், தோலும் விதையும் அதிகம். தட்டில் வைத்து விற்கிற பழம் அதில் வராது. சாப்பிடும் திராட்சையிலும் எதிர்ப்பு ரகங்கள் உண்டு. மோல்டோவா என்றே பெயர் கொண்ட கருந்திராட்சை, வில்லார்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கலப்பின் பிள்ளை, கிழக்கு ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது. ஆனால் அங்குதான் இரண்டாவது காரணம் வருகிறது. அந்த ஊர்க் கொடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், வருடத்துக்கு ஒரு விளைச்சல் தரும். உங்கள் பந்தலுக்குத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்து நீங்கள்தான் எழுப்புகிறீர்கள், பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது அறுவடைக்குத் தயாராகிறீர்கள். கவாத்துக்குப் பிறகு எந்தக் கண்ணிலிருந்து கொத்து வரும், எத்தனை கண் விட்டு வெட்ட வேண்டும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். குளிர்நாட்டில் நன்றாகக் காய்க்கிற ரகம் இங்கே வெறும் இலையும் பற்றுக்கம்பியுமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மஸ்கட் ஹாம்பர்க் இங்கே காய்த்தது ஒரு அதிர்ஷ்டம். வெளியிலிருந்து வந்த எல்லா ரகத்துக்கும் அது வாய்க்கவில்லை.

மூன்றாவது காரணம் என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் பச்சை இலையே இல்லாமல் போய் பூஞ்சையின் ஓட்டம் நின்றுவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் இளந்துளிர் இருந்துகொண்டே இருக்கும், உங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கவாத்துத் தேதியும் உங்கள் தேதியும் ஒன்றாக இருக்காது. பூஞ்சைக்கு ஓய்வு இல்லாத இடத்தில் எதிர்ப்பு மரபணு சீக்கிரம் உடையும் என்று நினைக்கிறேன். தர்க்கம் சரியாகத்தான் படுகிறது, ஆனால் வெப்பமண்டலத்தில் பெரிய பரப்பில் நட்டுப் பல வருடம் பார்த்தால்தான் இது நிரூபணமாகும்.

இப்போது விதைக்கு வருவோம். நெல்லில் நடந்ததை வைத்துத்தான் நீங்கள் இப்படிக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சி.ஆர்.1009 நெல்லில் வெள்ளம் தாங்கும் சப்1 மரபணுவை ஏற்றி சி.ஆர்.1009 சப்1 என்று கொடுத்தார்கள், டெல்டா விவசாயி அதே பழைய நெல்லாகவே அதை நடுகிறார். அதுபோல் பன்னீர் சப்1 ஏன் கூடாது? நெல் தன் மகரந்தத்தில் தானே கருவுறுகிற பயிர். விதை தாயைப் போலவே வரும். பழைய ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்தால் சில தலைமுறையில் ஒரு மரபணு தவிர எல்லாம் பழைய ரகமாகிவிடும், ஒரு தலைமுறைக்கு நான்கைந்து மாதம்தான். திராட்சை அப்படி இல்லை. ஒரு பன்னீர் கொடிக்குள் ஒவ்வொரு குணத்துக்கும் பெரும்பாலும் இரண்டு வேறுபட்ட பிரதிகள் இருக்கின்றன. விதையில் அவை கலைந்து புதிதாகச் சேரும். அதனால்தான் யாரும் விதை போடுவதில்லை, குச்சியில் வளர்க்கிறோம். உங்கள் தோட்டத்து எல்லாக் கொடியும் அந்த இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டில் முளைத்த ஒரே செடியின் தொடர்ச்சி.

அதோடு, பன்னீரைப் பன்னீரோடு சேர்த்தாலோ தன் மகரந்தத்திலேயே கருவுற விட்டாலோ பிள்ளைகள் நோஞ்சானாக வரும். இதுவரை மறைந்து கிடந்த கெட்ட பிரதிகள் இரண்டும் ஒன்றுகூடிவிடும், கொடி வளராது, பூ பிடிக்காது. உங்கள் விதைப் பரிசோதனையில் இதுதான் நடக்கும். பலவீனமான நாற்றுகள் வரும், நோய் எதிர்ப்பு மட்டும் எதிலும் வராது. பன்னீரின் அம்மாவிடமும் அப்பாவிடமும் இல்லாத மரபணு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? ஆகவே மறுசேர்க்கையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு வேறு நல்ல ரகத்தை எடுத்தாக வேண்டும். கடைசியில் கிடைப்பது பன்னீரின் பேத்தியாக இருக்கலாம், பன்னீராக இருக்காது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ரகத்தை அந்தப் பெயரில் விற்க முடியுமா என்ற சிக்கல் அப்போது வரும். ஐரோப்பாவில் இதே தகராறு பல வருடம் ஓடியது. கலப்பின ரகங்களைப் புகழ்பெற்ற ஊர்ப் பெயருள்ள ஒயின்களில் சேர்க்க 2021 கடைசியில்தான் சட்டம் இடம் கொடுத்தது.

ஆனால் பேத்தி மோசமில்லை. பன்னீர் வாசத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன் பொருட்கள். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியால் இருக்கிறது. மஸ்கட் வகைகளில் இவை ஏராளமாக உருவாகக் காரணமான மரபணு எது என்று தெரியும், டிஎக்ஸ்எஸ்1 என்பார்கள். அதில் ஒரே எழுத்து மாற்றம், ஒரு பிரதி இருந்தாலே வாசம் வந்துவிடும். பன்னீரின் பெற்றோரில் ஒன்று மட்டும்தான் மஸ்கட் என்பதால் பன்னீரிடம் ஒரு பிரதிதான் இருக்க வேண்டும். ஆகப் பிள்ளைகளில் பாதிக்குப் போகும். இது நமக்குச் சாதகம், ஏனென்றால் நாற்றாக இருக்கும்போதே ஒரு துண்டு இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்துவிடலாம். பழம் வரும்வரை மூன்று நான்கு வருடம் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். திராட்சைப் பூ குண்டூசித் தலை அளவுதான். மற்ற பூக்களைப் போல இதழ் விரியாது, ஐந்து இதழும் ஒட்டித் தொப்பி மாதிரி இருக்கும், பூக்கும்போது அந்தத் தொப்பி அடியிலிருந்து கழன்று விழும். விழுவதற்கு ஓரிரு நாள் முன்பே நுனி கூரான இடுக்கியால் தொப்பியையும் உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களையும் சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும், நடுவில் இருக்கும் சூலகத்தில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூ. முடித்ததும் காகிதப் பையைக் கட்டி மூடி, சூலக நுனியில் ஈரம் மினுங்கும் நாளில் அப்பா ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுவார்கள். இந்த வேலையில் நுணுக்கம் கைவந்த பெண்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள், என்னைவிட வேகமாகவும் சுத்தமாகவும் செய்வார்கள். பழம் கனிந்ததும் விதையைக் கழுவி, தண்ணீரில் மிதப்பதைத் தள்ளி, ஈர மணலில் வைத்துக் குளிர்பெட்டியில் சுமார் மூன்று மாதம் வைத்தால்தான் முளைக்கும்.

நாற்று நாலைந்து இலை விட்டதும் நோய்ச் சோதனை. இலையில் காசு அளவு வட்டம் வெட்டி, அடிப்புறம் மேலே தெரியும்படி ஈரத்தில் பரப்பி, பூஞ்சை வித்து கலந்த நீரைச் சொட்டு வைப்போம். ஐந்தாறு நாளில் நோய்க்கு ஆளாகும் நாற்றின் வட்டத்தில் வெள்ளைப் பஞ்சு பூத்திருக்கும். எதிர்ப்பு உள்ளதில் சொட்டு வைத்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும். பூஞ்சை நுழைந்த இடத்துச் செல்லைச் செடியே சாகடித்துப் பூஞ்சையைப் பட்டினி போட்டுவிடுகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். ஆயிரம் நாற்று இருந்தால் ஒரு எதிர்ப்பு மரபணு பாதிக்குத்தான் வரும், இரண்டும் சேர்ந்து கால்வாசிக்கு, 250. அதில் மஸ்கட் வாசம் பாதிக்கு, 125. அந்த 125இல்தான் பழம் பெரிதா, கொத்து நெருக்கமா, மழையில் வெடிக்கிறதா, காம்பில் நிற்கிறதா, நம் கவாத்துக்குக் கொத்து தருகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை பல சிறு மரபணுக்கள் கூடிச் செய்கிற வேலை, இலையை வைத்துச் சொல்ல முடியாது. விதையில்லாததும் வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். தாம்சன் என்ற விதையில்லாத வகையில் கரு உருவாகி நடுவில் நின்றுவிடுகிறது. அந்தப் பிஞ்சுக் கருவை ஆய்வகத்தில் எடுத்துப் போஷித்துத்தான் செடியாக்க வேண்டும். பன்னீரில் விதை இருப்பது கலப்பு செய்பவனுக்கு வசதி, அதைத் தாயாக வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் யாரும் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூர் ப்ளூவை வைத்தே அர்கா ஷ்யாம், அர்கா ஹான்ஸ் கொடுத்தது. அர்கா காஞ்சன் அனாப்-இ-ஷாஹிக்கும் ஹங்கேரிய மஸ்கட் வகையான குவீன் ஆஃப் வினியார்ட்ஸுக்கும் பிறந்தது. புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏஆர்ஐ-516, கடாவ்பா என்ற அமெரிக்க வகையும் பியூட்டி சீட்லெஸும் சேர்ந்தது, ஜூஸுக்கு ஏற்றது, பூஞ்சை நோய்களை ஓரளவு தாங்கும். மஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தின் மஞ்சரி மேடிகாவும் ஜூஸ் ரகம்தான். ரகம் வந்தது உண்மை, சந்தையில் தாம்சன் குடும்பத்தை அவை அசைக்கவில்லை என்பதும் உண்மை. மகாராஷ்டிரத்தில் பெரிதாகப் பரவிய தாஸ்-ஏ-கணேஷ், சொனாக்கா, மாணிக் சமன் எல்லாம் ஆய்வகத்தில் பிறந்தவை இல்லை. தாம்சன் தோட்டத்தில் ஒரு கிளை மட்டும் வித்தியாசமாகக் காய்த்ததை விவசாயிகள் கவனித்துப் பெருக்கியவை. அப்படி இயல்பாக வரும் மாற்றங்களில் பழ நீளம், அளவு, நிறம் மாறும். நோய் எதிர்ப்பு அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

பன்னீரைப் பன்னீராகவே வைத்து மாற்ற ஒரே வழி மரபணுத் திருத்தம். வெளியிலிருந்து மரபணுவை ஏற்றாமல், பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடுகிற செடியின் சொந்த மரபணு ஒன்றை முடக்குவது. டிஎம்ஆர்6 என்பதை இப்படி முடக்கிய ஷார்டனே கொடிகளை வெரோனா பல்கலைக்கழகத்திலிருந்து உருவான நிறுவனம் 2024இல் இத்தாலியில் வயலில் நட்டது. 2025 பிப்ரவரியில் யாரோ இரவில் வந்து அந்தக் கொடிகளை வெட்டிப்போட்டார்கள். ஆய்வகத்தில் அது வேலை செய்கிறது என்பது உறுதி. திறந்த வயலில் எத்தனை வருடம் தாங்கும், பழத்தில் வேறு ஏதும் மாறுமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. இந்தியாவில் வெளி மரபணு சேராத திருத்தங்களுக்கு 2022இல் விதி தளர்ந்தது, 2025இல் இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. அதனால் சட்டத் தடை முன்போல் இல்லை. ஒற்றைச் செல்லிலிருந்து முழுக் கொடியை மீட்டெடுப்பதுதான் திராட்சையில் முட்டுக்கட்டை, சில ரகங்கள் எளிதில் ஒத்துழைக்காது.

பின்னூட்டத்தில் ஒருவர் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் நோய் வராது என்று உங்களுக்குச் சொல்லியிருந்தார். அது தவறு. டாக்ரிட்ஜ், 110ஆர் போன்றவை உப்புத் தண்ணீருக்கும் வறட்சிக்கும் நல்லவை, மகாராஷ்டிரத்தில் அதற்காகத்தான் பரவின. வேர் அமெரிக்கனாக இருப்பதால் மேலே இருக்கும் பன்னீர் இலைக்கு எதிர்ப்பு ஏறாது. சொல்லப்போனால் டாக்ரிட்ஜ் கொடியை மிதமிஞ்சி வளர வைக்கும், பந்தல் அடர்ந்தால் இலையில் ஈரம் காயாது, அடிச்சாம்பல் கூடும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது என்ன என்றால், ரகத்தை விட்டுவிட்டு இலை ஈரத்தைக் குறி வையுங்கள். அடிச்சாம்பல் பூஞ்சையின் வித்து இலையில் நீர் இருந்தால்தான் நீந்தி இலைத்துளைக்குள் போகும், காய்ந்த இலையில் அதற்கு வழியில்லை. கவாத்துக்குப் பிறகு வரும் துளிர்களில் கொத்தில்லாத பலவீனமானவற்றைச் சீக்கிரம் கழித்து, பந்தலுக்கு அடியில் நின்றால் வெளிச்சப் புள்ளிகள் தரையில் விழும் அளவுக்குத் திறந்து வையுங்கள். துளிர்விட்டதிலிருந்து பழம் பட்டாணி அளவு வரும் வரைதான் ஆபத்து அதிகம், அந்த நாட்கள் பெருமழையில் விழாதபடி கவாத்துத் தேதியைத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். வியாபாரி சொல்லும் தேதிக்கு வெட்ட வேண்டிய கட்டாயம் இருக்கும் என்பது தெரியும், முடிந்த அளவு. மழை பெய்யும் என்று தெரிந்தால் அதற்கு முந்தைய நாள் அடிக்கிற பாதுகாப்பு மருந்துக்கு, நோய் தெரிந்தபின் அடிக்கிற மூன்று மருந்தின் பலன் உண்டு. ஒரே குழு மருந்தை, அதாவது பூஞ்சையை ஒரே விதமாகத் தாக்குகிற மருந்துகளை, அடுத்தடுத்து அடிக்காதீர்கள்.

வெளிநாட்டுக் குச்சியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். தனிமைப்படுத்தும் சோதனை இல்லாமல் வரும் குச்சியோடு வைரஸ் வரும், அதற்கு மருந்தே கிடையாது, சட்டப்படியும் குற்றம். புதிய வெளிநாட்டு ரகம் என்று நாற்று விற்க வருபவரிடம் உரிமக் காகிதம் கேளுங்கள், பல ரகங்கள் காப்புரிமை உள்ளவை. உங்களுக்குப் பரிசோதனை ஆசை இருக்கிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது. உங்கள் பக்கத்திலேயே ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடம் அர்கா ரகங்களோ மஞ்சரி ரகங்களோ சில கொடி கேட்டுப் பந்தலின் ஓர ஓரிரு வரிசையில் வையுங்கள். அந்த வரிசைக்கும் பன்னீருக்கும் ஒரே நாளில் கவாத்து செய்து, இரண்டிலும் அடிச்சாம்பலின் முதல் அறிகுறியான எண்ணெய்ப் புள்ளி இலையில் தெரிந்த தேதி, எந்தக் கண்ணிலிருந்து கொத்து வந்தது, மழைக்குப் பிறகு எத்தனை பழம் வெடித்தது இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலக் குறிப்பு சேர்ந்ததும் இங்கேயே போடுங்கள். கவாத்துத் தேதியும், காலையில் பனி காயும் முன் எடுத்த இலை அடிப்புறப் படமும் கூட இருந்தால் இதைவிட நேரான பதில் சொல்ல முடியும்.